பக்கத்து வீட்டுக்காரனிடம் பேச டெல்லி வழியாகத்தான் போகணுமா?

மாநில சுயாட்சி பற்றி யார் பதிவு போட்டாலும் பின்னூட்டத்தில் ரெண்டு கோஷ்டி வந்து நிற்கும். ஒரு கோஷ்டிக்கு டெல்லி என்றாலே கொள்ளைக்காரன். இன்னொரு கோஷ்டிக்கு சுயாட்சி என்று வாயைத் திறந்தாலே பிரிவினை. நாற்பது பின்னூட்டம் தாண்டியதும் யாராவது யாரோட அப்பாவையாவது இழுப்பார்கள், கடை மூடப்படும். :-)

இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டிக்கும் பிடிக்காது. ஏன்னா ரெண்டு பேருமே ஒரே திசையைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள், வடக்கே. மாநிலத்துக்கும் டெல்லிக்கும் நடுவில் இருக்கும் கோட்டைப் பற்றியே ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில் இன்னொரு கோடு இருக்கே, அதை யாரும் கண்டுக்கிறதில்லை.

என் கட்சி இதுதான். மாநிலங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு நிரந்தர இடம் இல்லாதவரைக்கும், டெல்லியில் எந்தக் கொடி பறந்தாலும் மாநிலங்கள் தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

(கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க. "மத்திய அரசா, ஒன்றிய அரசா" சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம். பழக்க தோஷத்தில் மத்திய அரசு என்றே எழுதுகிறேன்.)

சட்டம் என்ன சொல்லுது?

அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்கு விளக்கம் கொடுத்தார். மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு உருவான கூட்டமைப்பு இல்லை இது, அதனால் பிரிந்துபோகும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை என்பது அதன் சாரம். பிரிவினை நடந்து ஒண்ணேகால் வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சூழலில் அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கு.

ஆனால் அந்தப் பயத்தின் விளைவு மூன்றாவது பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் எந்த மாநிலத்தையும் பிரிக்கலாம், சேர்க்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டசபையிடம் கருத்து மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கருத்தை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநில சட்டசபை சம்மதிக்காமல் முடியாது. இங்கே 2014 ஜனவரி 30 அன்று ஆந்திர சட்டசபை பிரிவினை மசோதாவை நிராகரித்தது. மூன்று வாரத்தில் நாடாளுமன்றத்தின் ரெண்டு சபைகளும் அதே மசோதாவை நிறைவேற்றிவிட்டன. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது என்று நினைப்பவன் நான். இருந்தாலும், நடந்த முறையைப் பாருங்கள்.

2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர். அங்கே கருத்துக் கேட்கக்கூட சட்டசபை இல்லை, கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சட்டசபையின் இடத்தில் நாடாளுமன்றமே தனக்குத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது. ஒரு மாநிலம் ரெண்டு யூனியன் பிரதேசங்களாக ஆனது.

370வது பிரிவு சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது வேறு. அந்த மசோதாவை ஆதரித்த மாநிலக் கட்சிகள் யார் யார்? அ.தி.மு.க, பிஜு ஜனதா தளம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். எல்லாத்துக்கும் மேலே, டெல்லிக்கு முழு மாநில அந்தஸ்து கேட்டுப் போராடிய ஆம் ஆத்மி! ஒரு மாநிலம் அந்தஸ்து இழப்பதற்கு, அதே அந்தஸ்தைக் கேட்டுக்கொண்டிருந்த கட்சி கை தூக்கியது.

நாலு வருஷம் கழித்து என்ன ஆச்சு? 2023 மே 11 அன்று, டெல்லி அரசு அதிகாரிகள்மீது அந்த மாநில அமைச்சரவைக்குத்தான் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டே நாளில் அவசரச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தை மத்திய அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, ஆகஸ்டில் அது சட்டமாகவும் ஆனது. அப்போது ஆம் ஆத்மி தலைவர்கள் மாநிலம் மாநிலமாகப் போய் ஆதரவு கேட்டார்கள். 2019ல் பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோது எங்கே போனீங்க என்று யாராவது கேட்டார்களா தெரியாது. நான் கேட்டிருப்பேன்.

நம்ம ஊர் மட்டும் ஒழுங்கா? 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது தி.மு.க, காங்கிரஸின் கூட்டாளி. 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. அதைக் கேட்டு நெருக்கியவர்களில் அ.தி.மு.க.வும் உண்டு. 356ஐத் திட்டிக்கொண்டே, எதிர்க்கட்சி மேல் அது பாயும்போது மட்டும் கைதட்டினோம்.

கோர்ட் இருக்கே?

இருக்கு. 1994ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இஷ்டத்துக்கு ஆட்சியைக் கலைப்பது நிஜமாகவே குறைந்தது. அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் எல்லாத்துக்கும் கோர்ட்டை நம்ப முடியாது என்பதற்கு ஆளுநர் விவகாரமே சாட்சி. தமிழக மசோதாக்கள் கிடப்பில் கிடந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று ரெண்டு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்தது. பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் சொன்னது. இனிப்பெல்லாம் கொடுத்து முடித்தோம். நவம்பர் 20 அன்று, ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது என்றது. காரணமே சொல்லாமல் ஆளுநர் நீண்ட நாள் சும்மா இருந்தால் மட்டும் கோர்ட்டுக்கு வரலாம், அதுவும் 'ஒரு முடிவெடுங்கள்' என்று சொல்லும் அளவுக்குத்தான்.

ஏழு மாசத்தில் சக்கரம் சுற்றி வந்துவிட்டது. ஏற்பாடு அமர்வுக்கு அமர்வு மாறினால், அதை நம்பி ஒரு மாநிலம் எப்படி ஆட்சி நடத்தும்?

சரி, ராஜ்யசபா? பேரே மாநிலங்களவை. ஆனால் 2003ல் சட்டத்தைத் திருத்தி, உறுப்பினர் அந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 2006ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. கட்சிக்கு இடம் எங்கே காலியோ அங்கே ஆளை அனுப்பும் சபை அது. மாநில அரசின் குரல் அங்கே கேட்கும் என்று நான் நம்பவில்லை.

263 என்று ஒரு அநாதை

அரசியல் சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை. 263வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநிலங்களுக்கு இடையே தகராறு வந்தால் விசாரித்து ஆலோசனை சொல்லவும், பொது விஷயங்களைப் பேசவும், கொள்கைகளை ஒருங்கிணைக்கவும் ஒரு கவுன்சிலை ஜனாதிபதி அமைக்கலாம். 'அமைக்கலாம்'தான், 'அமைக்க வேண்டும்' இல்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

நாற்பது வருஷம் யாரும் அமைக்கவில்லை. 1971ல் தமிழக அரசின் ராஜமன்னார் குழு உடனே அமையுங்கள் என்றது. மாநிலங்களைப் பாதிக்கும் மசோதாக்கள் முதலில் இந்தக் கவுன்சிலுக்கு வர வேண்டும் என்றும் கேட்டது. சர்க்காரியா கமிஷனும் கவுன்சில் வேண்டும் என்றது, ஆனால் தகராறு விசாரிக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்றது. கடைசியில் 1990 மே 28 அன்று, வி.பி.சிங் ஆட்சியில், பல் பிடுங்கின வடிவத்தில் கவுன்சில் பிறந்தது. பிரதமர் தலைவர், எல்லா முதல்வர்களும் உறுப்பினர்கள். வருஷத்துக்கு மூன்று முறையாவது கூட வேண்டும் என்பது அதன் விதி.

கணக்குப் போடுங்க. 1990லிருந்து 2016 வரை 26 வருஷம். விதிப்படி 78 கூட்டம் நடந்திருக்கணும். நடந்தது 11. பத்தாவது கூட்டம் 2006 டிசம்பரில், பதினோராவது 2016 ஜூலையில். நடுவில் பத்து வருஷம் மன்மோகன் சிங்கும் கூட்டவில்லை, மோடியும் கூட்டவில்லை. ஆக, இதில் கட்சி வித்தியாசமே கிடையாது. டெல்லி நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், முப்பது முதல்வர்களை ஒரே மேஜையில் பார்க்கப் பிடிப்பதில்லை. ஒவ்வொருத்தராக வந்து பொன்னாடை போர்த்தி மனு கொடுத்துவிட்டுப் போவதுதான் வசதி. 2022ல் முதல்வராக இருந்த ஸ்டாலின், வருஷத்துக்கு மூன்று முறையாவது கூட்டுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். விதியில் ஏற்கனவே இருப்பதையே மனுவாகக் கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஒன்றாக உட்கார்ந்தால் என்ன ஆகும்?

வெட்டிப் பேச்சு இல்லை, உதாரணம் இருக்கு.

ஒன்று. 1983 மார்ச்சில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே, தென்மாநில முதல்வர்களை பெங்களூருக்குக் கூப்பிட்டார். எம்.ஜி.ஆர். போனார், என்.டி.ஆர். போனார். காவிரித் தகராறு அப்போதும் இருந்தது, தீர்ந்துவிட்டதால் போகவில்லை. அதே மாதத்தில் மத்திய மாநில உறவை ஆராய சர்க்காரியா கமிஷனை அறிவித்தார் இந்திரா காந்தி. பஞ்சாப் பிரச்சினையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1971லிருந்து ராஜமன்னார் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தனியாகக் கேட்டபோது அசையாத டெல்லி, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்த மாதத்தில் அசைந்தது.

ரெண்டு. ஜி.எஸ்.டி. கவுன்சில். இதைத் திட்ட எனக்கும் நிறைய இருக்கு. ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் ரெண்டு பங்கு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. எந்த முடிவுக்கும் நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். அதாவது 31 மாநிலங்களும் (சட்டசபை உள்ள யூனியன் பிரதேசங்கள் உட்பட) ஒரே குரலில் சொன்னாலும் மத்திய அரசு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 31 பேரும் ஓட்டுப் போடும்போது 12 மாநிலங்கள் சேர்ந்து நின்றால் மத்திய அரசின் தீர்மானத்தையும் தடுத்துவிடலாம். அதுவும் சிக்கிமுக்கும் உ.பி.க்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு.

2020 கொரோனா சமயம் ஞாபகம் இருக்கா? இழப்பீட்டு நிதியில் துண்டு விழுந்தது. மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்றது மத்திய அரசு. பெரும்பாலான மாநிலங்கள் தலையாட்டின. கேரளா, மேற்கு வங்கம், பஞ்சாப் மாதிரி சில மாநிலங்கள் கவுன்சில் கூட்டங்களில் விடாப்பிடியாக மறுத்தன. அக்டோபரில், ரூ.1.1 லட்சம் கோடியை மத்திய அரசே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுக்கும் என்று இறங்கி வந்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் மேஜை என்று ஒன்று இருந்ததால்தான் மேஜையைத் தட்ட முடிந்தது.

மூன்று, மேஜை இல்லாத இடத்தில் என்ன ஆகிறது? வரிப் பங்கைப் பாருங்கள். 15வது நிதிக்குழு, பங்கிடும் வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் உ.பி.க்கு 17.939%, நமக்கு 4.079%. இதை வைத்து வடக்கு - தெற்கு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம், கோபத்தில் நியாயமும் இருக்கு. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வசூலாகும் பணம் அந்தப் பங்கிடும் தொகைக்குள் வருவதே இல்லை. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இல்லை, பீகாருக்கும் பங்கு இல்லை. அடுப்பில் இருந்து பானையே இறங்காத இடத்தில், யார் இலையில் எவ்வளவு சோறு என்று நாம் அடித்துக்கொள்கிறோம்.

16வது நிதிக்குழுவிடம் பெரும்பாலான மாநிலங்கள், பா.ஜ.க. ஆண்ட மாநிலங்களும் சேர்த்துத்தான், 50% கேட்டன. எல்லாரும் ஒரே எண்ணைக் கேட்டார்கள், தனித்தனிக் கவரில் போட்டு. 41 அப்படியே 41ஆக நின்றது.

காவிரிக்கு இது உதவுமா?

இதைக் கேட்பீங்கன்னு தெரியும். :-)

1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 1990ல் நடுவர் மன்றம், 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நமக்கு 419 டி.எம்.சி. என்றிருந்தது 404.25 ஆனது. நடுவர் மன்றத்தில் தொடங்கி 28 வருஷம். முடிந்ததா? தண்ணீர் குறைந்த வருஷம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆறுகளை மாநிலங்கள் சேர்ந்து நிர்வகிக்கட்டும் என்று 1956லேயே நதி வாரியச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு ஆற்றுக்குக்கூட வாரியம் அமைக்கப்படவில்லை. தீர்ப்பு சொல்ல இடம் இருக்கு, பேச இடம் இல்லை.

2003ல் ரெண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரி குடும்பம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இங்கிருந்து அங்கே போனார்கள், அங்கிருந்து இங்கே வந்தார்கள், ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்தார்கள். அது பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் பஸ் எரியாமல் காவிரி பற்றிப் பேச முடியும் என்று காட்டியது. விவசாயிகள் செய்ததை முதல்வர்கள் செய்ய என்ன தடை?

2025 மார்ச் 22 அன்று தொகுதி மறுவரையறை பற்றிச் சென்னையில் கூட்டம் நடந்தது. கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்கள் வந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வந்தவர் துணை முதல்வர் டி.கே.சிவகுமார், மேகதாது அணை கட்டியே தீருவோம் என்று சொல்பவர். ஒரு விஷயத்தில் எதிரி, இன்னொரு விஷயத்தில் கூட்டாளி. மாநிலங்களின் உறவு இப்படித்தான் இருக்க முடியும். ஒரே ஒரு கூட்டத்தோடு கலைந்துபோகாமல் இது வழக்கமாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, என்ன செய்யணும்?

1. வருஷத்துக்கு மூன்று கூட்டம் என்பதை உத்தரவிலிருந்து எடுத்துச் சட்டத்தில் போட வேண்டும்.

2. மூன்றில் ஒரு பங்கு மாநிலங்கள் கேட்டால் கூட்டியே ஆக வேண்டும். பிரதமர் மனசு வைக்கும்வரை காத்திருக்கிற கதை கூடாது.

3. மாநிலப் பட்டியலிலோ பொதுப் பட்டியலிலோ கை வைக்கும் மசோதா முதலில் இங்கே வரட்டும். 1971ல் கேட்டதுதான், புதுசு இல்லை.

4. கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது. நடவடிக்கைக் குறிப்பை வெளியிட வேண்டும். நம்ம முதல்வர் உள்ளே என்ன பேசினார் என்று நமக்குத் தெரியணும் இல்லையா?

5. டெல்லி கூட்டாவிட்டால் மாநிலங்களே கூடலாம். கனடாவில் 2003லிருந்து மாகாண முதல்வர்கள் தங்களுக்கென்று ஒரு கவுன்சில் வைத்திருக்கிறார்கள். அதில் பிரதமர் உறுப்பினரே இல்லை. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

"டெல்லியை ஆளும் கட்சியின் முதல்வர்கள் ஆமாம் சாமி போடுவாங்களே" என்பீர்கள். போடுவார்கள். ஆனால் போட்டது குறிப்பில் பதிவானால், அடுத்த தேர்தலில் சொந்த ஊரில் பதில் சொல்ல வேண்டும். மனு கொடுப்பதில் அந்தச் சிக்கலே கிடையாது.

"இது நாட்டைப் பலவீனமாக்கும்" என்பவர்களுக்கு: பேசித் தீர்க்க இடமில்லாத வீடுதான் சீக்கிரம் பாகம் பிரியும்.

கடைசியாக நம்ம பக்கத்துக்கும் ஒரு குட்டு. டெல்லி நம்மை மதிக்கவில்லை என்கிற இதே தமிழ்நாட்டில், 2016ல் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் ஆட்சி. சென்னைக்கு டெல்லி செய்வதை, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் சென்னை செய்தது. அதிகாரம் மேலேயே தங்கக்கூடாது என்றால் கோட்டையிலும் தங்கக்கூடாது.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "டெல்லிக்கு எத்தனை கடிதம் எழுதுவீங்க" என்பது வேண்டாம். "பக்கத்து மாநில முதல்வரோடு வருஷத்துக்கு எத்தனை தடவை உட்காருவீங்க?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே வந்து சொன்னீங்கன்னா, அதையே இன்னொரு பதிவாகப் போட்டுடலாம்.

பி.கு: அப்பாவை இழுக்கும் பின்னூட்டங்கள் வெளியிடப்படாது. 263ஐத் திட்டி வருபவை கட்டாயம் வெளியிடப்படும். :-)